நல்ல காற்று

ஆலங்காயம்
19 ஜனவரி 2025

ஷர்மிளாவுக்கு,

போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், பக்கத்தில் நவநீதன் இருப்பான். அவன் கேட்க வேண்டாத விஷயம் என்பதால் எழுதுகிறேன். நீ வேலை பார்க்கும் ஷூ கம்பெனி முகவரிக்கே அனுப்புகிறேன். அவனிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

பொங்கலுக்கு இங்கே வந்த மூன்று நாளும் என் தம்பி தும்மிக்கொண்டே இருந்தான். கண் சிவந்து இமை வீங்கியிருந்தது. மாட்டுப் பொங்கலன்று மாடிக்கு ஏறி வந்தவன் பாதிப் படியில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான். செருப்பில் ஒன்றுமில்லை. மூச்சு வாங்குவதை நான் பார்க்கக் கூடாதென்று அப்படிச் செய்தான். போன வருஷம் இதே சமயத்தில் கேட்டதற்குச் சளி என்று சொன்னாய். அதற்கு முந்தின வருஷமும் சளிதான்.

இருபது வருஷமாகத் தோல் ஃபேக்டரியின் ஃபினிஷிங் செக்ஷனில் ஸ்ப்ரே மெஷின் பக்கத்தில் நிற்கிறான். தோல் மேல் அடிக்கிற சாயமும், பளபளப்புக்கு அடிக்கிற லாக்கரும் கொஞ்சமாவது அவன் மூக்குக்குள் போகத்தானே செய்யும். நான் படிக்கும் காலத்தில் ஆம்பூரிலிருந்து வாலாஜாபேட்டை வரை கிணற்றுத் தண்ணீரை எடுத்துச் சோதித்தவள். இந்தத் தொழில் எதையெல்லாம் வெளியே விடுகிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

எங்கள் கல்லூரி வேதியியல் லேபில் உதவியாளர் இடம் காலியாகிறது. முதல்வரிடம் பேசிவிட்டேன். மார்ச்சில் ஆள் எடுப்பார்கள். அதற்கு முன் அவன் மெடிக்கல் லீவு போட்டுவிட்டு இங்கே வந்து ஒரு மாதம் இருக்கட்டும். மலையடிவாரம், நல்ல காற்று. உடம்பு தேறினால் காரணம் எது என்று அவனுக்கே புரியும்.

அவன் உன் பேச்சைத்தான் கேட்பான். தடுக்காதே.

பூரணி


ஆம்பூர்
26.1.2025

அண்ணிக்கு,

லெட்டர் வந்தது. வாட்ச்மேன் கவரைத் தூக்கிக் காட்டி, இன்னா ஷர்மிளா, கோர்ட் நோட்டீஸா என்று எல்லார் முன்னாடியும் கேட்டார். பிரித்துப் படித்தபோது கிட்டத்தட்ட அதுதான் என்று தோணுச்சு.

உங்களுக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். காலையில் வீட்டில் அவருக்குத் தும்மல் நிற்காது. பைக்கில் பாலாற்றுப் பாலம் தாண்டும்போது கண்ணிலிருந்து தண்ணி கொட்டும். செக்ஷனுக்குள் போய் ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். அவங்க கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை லீவு. அந்த வெள்ளிக்கிழமைதான் ஜாஸ்தி. ஃபேக்டரிதான் காரணம் என்றால் லீவு நாளில் கம்மியாகணும் இல்லையா? தோல் வாசனையில் கிருமி நிற்காது என்று எங்க அப்பா சொல்வார். நீங்க சிரிப்பீங்க, பரவாயில்லை.

நான் சும்மா இல்லை. அவர் தலையணை, போர்வை, சட்டை எல்லாத்தையும் தினமும் மொட்டை மாடியில், ஆத்துப் பக்கத்துக் கம்பியில் போட்டுக் காய வைத்துத்தான் கொடுக்கிறேன். மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன். அதைப் போட்டால் தூங்கி வழிகிறார், அதான் வேலை நாளில் கொடுக்கிறதில்லை.

ஆறு மாசம் முன்னாடிதான் அவரை சூப்பர்வைசர் ஆக்கினாங்க. இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்தது. இப்போ ஒரு மாசம் லீவு போட்டால் அந்த இடத்தில் வேற ஆள் உட்கார்ந்திடுவான். இங்கே முப்பது பேருக்கு வேலை சொல்றவர் அங்கே வந்து உங்க லேபில் பாட்டில் கழுவணுமா? உங்க கூட வேலை செய்றவங்க அவரை வாப்பா போப்பா என்பாங்க, நீங்க பார்த்துக்கிட்டு இருப்பீங்களா?

ஆனா அவர் உங்க பேச்சைத் தட்ட மாட்டார். என் பேச்சைத்தான் கேட்பார் என்று எழுதியிருக்கீங்க. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் நான் அப்படி ஒரு நாள் பார்த்ததில்லை. ரெண்டு வாரம் அனுப்புறேன். அதுக்கு மேல் ஒரு நாள்கூட இல்லை.

ஷர்மிளா


ஆலங்காயம்
10 பிப்ரவரி 2025

ஷர்மிளாவுக்கு,

நவநீதன் வந்து ஒன்பது நாள் ஆகிறது. தும்மல் குறையவில்லை. இருபது வருஷத்து விஷயம் ஒன்பது நாளில் போகாது என்று எனக்குத் தெரியும், அதனால் கவலைப்படவில்லை.

செக்ஷனுக்குள் போனால் நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தாய். மூக்கு மரத்துப் போகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். அம்மோனியா பழகிய லேப்காரர்களுக்கு வாசனையே தெரியாது. வலிக்காததெல்லாம் நல்லதில்லை.

அவன் கட்டிலை மேற்கு ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். இரண்டு ஜன்னலும் ராத்திரி பகல் திறந்தே இருக்கின்றன. எதிரே மாந்தோப்பு முழுக்கப் பூத்திருக்கிறது. காலையில் ஏரிக்கரை மேல் கூட்டிப் போகிறேன். கரையோரத்து வேலிக்காத்தான் முள்மரமும் இந்த வருஷம் சீக்கிரமே பூத்து, வழியெல்லாம் மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கிறது. அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நடக்கிறான். எடு, நன்றாக மூச்சை இழுத்து விடு என்கிறேன்.

நேற்று உட்கார வைத்துப் பேசினேன். வேலையை விடுவதாக ஒப்புக்கொண்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டான். உன்னிடம் நானே சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டான். இதோ சொல்லிவிட்டேன்.

கோபப்படுவாய். கொஞ்ச நாளில் புரியும்.

பூரணி


ஆம்பூர்
13.2.2025

அண்ணி,

அந்த ராஜினாமாவைப் போஸ்ட் பண்ணாதீங்க. போனில் சொன்னால் அவர் பக்கத்தில் இருப்பார், அதான் உங்க காலேஜுக்கு எழுதுறேன்.

நேத்து சாயங்காலம் அவரோட பேசினேன். பொண்ணு ஹரிணிக்குப் பரீட்சை எப்போ என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு மூணு தடவை நின்று மூச்சு எடுத்தார். நல்லா இருக்கேன், அக்கா பார்த்துக்கிறாங்க என்கிறார். எனக்கு அந்த மூச்சு தெரியும். இங்கே இருந்தவரை இப்படி இல்லை.

அவங்க கம்பெனி மேனேஜர் சுஹேல் அகமது சார் போன் பண்ணி, நவநீதன் எப்போ வர்றார் என்று கேட்டார். வேலூரில் டெஸ்ட் எடுத்துக்கிட்டு இருக்கார் என்று பொய் சொல்லியிருக்கேன். பொய்யை நிஜமாக்குங்க. எங்க ஷூ கம்பெனி லைனில் வேலை செய்ற ரஃபத் ஜஹான் அக்காவுக்கும் வருஷா வருஷம் இதே மாதிரி கண் அரிப்பு, தும்மல். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் கையில் சொட்டு சொட்டாக மருந்து விட்டு, ஊசியால் குத்திப் பார்த்து, எது சேரலை என்று கண்டுபிடிச்சிருக்காங்க. அங்கே கூட்டிட்டுப் போங்க.

உங்க வீட்டில் அடுக்கி வைத்திருக்கிற பழைய புத்தகத் தூசிதான் என்று எனக்குச் சந்தேகம். எதுவாக இருந்தாலும் முதலில் டாக்டர் சொல்லட்டும், அப்புறம் வேலையை விடுறதைப் பற்றிப் பேசலாம். கையெடுத்துக் கேட்கிறேன். உங்ககிட்ட நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை.

ஷர்மிளா


ஆலங்காயம்
22 பிப்ரவரி 2025

ஷர்மிளாவுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சொன்னது சரிதான். "நல்லாக்கித் தர்றேன்னு கூட்டிட்டுப் போனீங்க. இப்படித் திருப்பிக் குடுக்குறீங்க." நடந்ததை மட்டும் எழுதுகிறேன், உன்னிடம் யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பதினான்காம் தேதி காலை ஏரிக்கரையில் நான் முன்னால் நடந்தேன், அவன் பின்னால் வந்தான். கல்லூரி வேலையில் என்னென்ன வசதி என்று சொல்லிக்கொண்டு போனேன். பின்னாலிருந்து பதில் வராததை அவன் ஒப்புக்கொள்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு தூரம் அப்படிப் போனேன் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது கரையில் கையூன்றி உட்கார்ந்திருந்தான். உதடு நிறம் மாறியிருந்தது. பேச முடியவில்லை, தொண்டையைத் தொட்டுக் காட்டினான். பால் வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டுபோய் வாணியம்பாடியில் விட்டார். அங்கே மூச்சுக்கு மருந்து கொடுத்து வேலூருக்கு அனுப்பினார்கள். அந்தப் பால் வண்டியில் அவன் என் கையைப் பிடித்திருந்தான். அந்தப் பிடி தளர்ந்தபோது நான் பார்த்ததை எழுத மாட்டேன்.

இரண்டாவது விஷயம். உன் கடிதம் பதினெட்டாம் தேதி கல்லூரிக்கு வந்திருக்கிறது. ராஜினாமாவை நான் பத்தாம் தேதியே, உனக்கு எழுதிய கடிதத்தோடு தபாலில் சேர்த்துவிட்டேன். உன்னிடம் சொல்வதற்கும் அனுப்புவதற்கும் நடுவில் ஒரு நாள்கூட விடவில்லை. நீ தடுப்பாய் என்று தெரியும்.

ஃபேக்டரிக்கு நான் போய்ப் பேசுகிறேன். அவர்கள் என்னைப் பார்க்கச் சம்மதிப்பார்களா என்று தெரியாது. கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் அந்தக் கம்பெனியின் கழிவுத் தண்ணீரைப் பற்றிப் பேசியவள் நான்.

பூரணி


ஆம்பூர்
26.2.2025

அண்ணிக்கு,

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். இன்ஹேலர் கொடுத்திருக்காங்க. அது பழகிடும், அப்புறம் விட முடியாது என்று நானும் நினைச்சிருந்தேன். டாக்டரம்மா நல்லா திட்டினாங்க. அடுத்த வாரம் கையில் குத்திப் பார்க்கிற டெஸ்ட். அதுவரைக்கும் தும்மல் மாத்திரை போடக் கூடாதாம், அதனால் ராவெல்லாம் உட்கார்ந்தே இருக்கார்.

டெஸ்ட்டுக்கு நீங்களும் வாங்க. அவங்க சொல்றது உங்களுக்குத்தான் புரியும்.

ஃபேக்டரிக்குப் போறேன் என்று எழுதியிருக்கீங்க. போங்க. நான் கூட வர மாட்டேன்.

ஷர்மிளா


ஆலங்காயம்
8 மார்ச் 2025

ஷர்மிளாவுக்கு,

டெஸ்ட் அன்று நாம் இருவரும் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருவரையொருவர் பார்க்கவில்லை. டாக்டர் சொன்னதில் உனக்கு எவ்வளவு காதில் விழுந்ததோ, அதனால் எழுதி வைக்கிறேன்.

கொசு கடித்ததுபோல் தடித்தவற்றில் பெரியது வேலிக்காத்தான் மகரந்தம். அடுத்தது புல். மா லேசாக. வீட்டுத் தூசி ஒன்றுமில்லை, ஆகவே என் புத்தகங்களுக்கு விடுதலை. பாலாற்றில் தண்ணீர் ஓடாத இடமெல்லாம் வேலிக்காத்தான்தான். நீ ஆற்றுப் பக்கம் காயப்போட்ட தலையணையில் அதன் தூளைத்தான் அவன் இரவெல்லாம் முகர்ந்திருக்கிறான். நான் செய்தது இன்னும் மோசம். பூ உதிரும் இடத்துக்கே நடத்திக்கொண்டு போய், முகத்துத் துண்டை எடு என்றேன். இனி துணி வீட்டுக்குள்தான் காய வேண்டும். காலையில் ஜன்னல் மூடியிருக்கட்டும். வெளியே போய் வந்ததும் தலைக்குக் குளித்து, உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும். மூக்குக்கு அடிக்கும் மருந்தைத் தும்மல் வராத நாளிலும் விடக் கூடாது. பைக்கில் கண்ணாடியும் மாஸ்க்கும் போட வேண்டும்.

வியாழக்கிழமை ஃபேக்டரிக்குப் போனேன். கேட்டில் உட்கார வைத்தார்கள், கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. கூப்பிட்டார்கள். சுஹேல் அகமது நோன்பில் இருந்தார். தான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எனக்கு டீ வரவழைத்தார். பிறகு ஃபினிஷிங் ஹாலைக் காட்டினார். ஈரம் காயாத தோல் மேல் தூசி ஒட்டினால் தோல் வீணாகிவிடும் என்று எல்லா ஜன்னலையும் அடைத்து, வாசலில் நனைத்த கோணியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தோலுக்காகச் செய்த ஏற்பாடு. அதில்தான் என் தம்பியும் மூச்சுவிட்டிருக்கிறான். செக்ஷனில் தும்மல் அடங்கியதற்குக் காரணம் நீ சொன்ன தோல் வாசனையும் இல்லை, நான் சொன்ன மரத்துப்போன மூக்கும் இல்லை.

ராஜினாமாவைத் தலைமை ஆபீசுக்கு அனுப்பாமல் தன் மேஜையிலேயே வைத்திருக்கிறார். கிழித்துப் போடத் தயார் என்கிறார். ஒரு நிபந்தனை. நவநீதனின் நோய்க்கும் தங்கள் செக்ஷனுக்கும் சம்பந்தமில்லை என்று நான் எழுதிக் கையெழுத்திட வேண்டும். "நாங்க ஆயிரம் சொன்னாலும் ஊர் நம்பாது மேடம். நீங்க சொன்னா நம்பும்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பூரணி


ஆம்பூர்
11.3.2025

அண்ணி,

இதில் யோசிக்க இன்னா இருக்கு?

டெஸ்டில் வந்துடுச்சு. வேலிக்காத்தான், புல். நீங்களே உங்க கையால் எழுதியிருக்கீங்க. அதையே ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்து போட வேண்டியதுதானே. அவர் காலையில் எழுந்து ஷிஃப்டுக்குப் போற மாதிரி தலை சீவிக்கிட்டு, அப்புறம் போய் உட்கார்ந்துக்கிறார். நான் வேலைக்குப் போறப்போ என் டிபன் பாக்ஸைத் துடைத்துக் கையில் கொடுக்கிறார். எனக்கு அதைப் பார்க்க முடியலை.

என்னைக் கேட்காமல் அவர் வேலையை எடுத்தீங்க. இப்போ திருப்பித் தர ஒரு கையெழுத்துதான் கேட்கிறாங்க. அதுக்கும் உங்க படிப்பு குறுக்கே வருதா?

ஷர்மிளா


ஆலங்காயம்
14 மார்ச் 2025

ஷர்மிளாவுக்கு,

படிப்பு குறுக்கே வருகிறது. ஆமாம்.

மகரந்தம் அவனுக்குச் சேராது என்பது தெரிந்துவிட்டது. அதனாலேயே லாக்கர் சேரும் என்று ஆகிவிடாது. ஊசிச் சோதனையில் அதைப் பார்க்கவே இல்லை, பார்க்கவும் முடியாது என்று டாக்டர் சொன்னதை நீயும் கேட்டாய். ஒருமுறை மூச்சுக்குழல் இப்படி ஆன பிறகு எது வேண்டுமானாலும் அதைத் தூண்டலாம் என்றும் சொன்னார். வேலை முடிந்து வரும்போது மாலையில் லேசாக நெஞ்சு இறுகுகிறது என்று நவநீதன் டாக்டரிடம் சொன்னான். உன்னிடமும் என்னிடமும் அவன் அதைச் சொன்னதில்லை.

தெரியாத ஒன்றைத் தெரியும் என்று நினைத்து அவனை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனேன். அதே தப்பை மறுபக்கத்திலிருந்து செய்ய மாட்டேன். நாளைக்கு அவன் அந்த ஹாலில் மூச்சுமுட்டி விழுந்தால், என் கையெழுத்தைக் காட்டி உன் வாயை அடைப்பார்கள்.

என்னால் எழுத முடிந்ததை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அந்தக் கவரை ஒட்டவில்லை, படித்துப் பார். "நவநீதனுக்கு வேலிக்காத்தான், புல் மகரந்தங்கள் ஒவ்வாமை தருவது சோதனையில் தெரிந்துள்ளது. ஃபினிஷிங் பகுதியின் காற்று அவருக்குத் தீங்கு செய்கிறதா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அளந்து பார்க்க வேண்டும்." அவ்வளவுதான். டாக்டர் கொடுத்த ஊதும் குழாயில் வேலைக்கு முன்னும் பின்னும் அவன் ஊதினால் மூச்சின் பலம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

இதைச் சுஹேல் அகமதிடம் கொடுப்பதும் கிழிப்பதும் உன் கையில். இந்த முறை உன்னைக் கேட்காமல் எதையும் அனுப்பவில்லை.

பூரணி


ஆம்பூர்
3.4.2025

அண்ணிக்கு,

பதில் போட மூணு வாரம் ஆச்சு. உங்க பேப்பரைப் படித்த அன்னிக்கு உங்களுக்கு எழுதியிருந்தால் அது வேற மாதிரி லெட்டராக இருந்திருக்கும்.

கிழிக்கத்தான் நினைத்தேன். அவர்தான் வாங்கிப் படித்தார். ரெண்டு தடவை படித்துவிட்டு, "அக்கா தெரியாதுன்னு எழுதி நான் பார்த்ததே இல்லை" என்றார். அதை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் போனோம். சுஹேல் சார் படித்துவிட்டு, அந்தத் தெரியாது என்கிற வரியை மட்டும் எடுக்கச் சொல்லுங்களேன் என்றார். அவங்க எடுக்க மாட்டாங்க சார் என்றேன். எனக்கே ஆச்சரியம், நான் உங்களுக்காகப் பேசினேன். சார் பேப்பரை மடித்து வைத்துட்டு, சரி, அளந்தே பாருங்க, எங்க ஹாலில் ஒண்ணும் இல்லை என்று சொல்லி ராஜினாமாவைக் கிழித்தார். மறுநாளே இவர் வேலையில் சேர்ந்துட்டார், பழைய இடத்திலேயே.

துணியெல்லாம் இப்போ ஹாலில் கயிறு கட்டித்தான் காயுது. வீடே லாண்டரி கடை மாதிரி இருக்கு. மூக்குக்கு அடிக்கிற மருந்தை மறக்காமல் அடிக்கிறார். தும்மல் முக்கால்வாசி நின்னுடுச்சு. வெள்ளிக்கிழமையில் ஜன்னலை மூடிட்டு ராஜா மாதிரி தூங்குறார்.

குழாயில் ஊதுறதைத்தான் சொல்லணும். சாதாரண சாயம் அடிக்கிற நாளில் போகும்போதும் வரும்போதும் முள் ஒரே இடத்தில் நிற்குது. லாக்கர் அடிக்கிற நாளில் சாயங்காலம் நல்லா இறங்கிடுது. முதல் தடவை குழாய் ரிப்பேர் என்றார். அடுத்த தடவை சரியா ஊதலை என்றார். நேத்து என் முன்னாடி மூணு தரம் ஊதச் சொன்னேன். மூணும் கீழேதான். பாலாற்றுப் பக்கம் போன நாள் அளவுக்கு மோசம் இல்லை. ஆனா இறங்குது. ரம்ஜான் லீவு நாளில் இறங்கலை.

யாருக்கும் சொல்லாதே, பூ சீசன் முடிஞ்சா எல்லாம் சரியாயிடும் என்கிறார். கிடைத்த வேலை மறுபடியும் போயிடும் என்று அவருக்குப் பயம். எனக்கும் பயம்தான். நான் கேட்ட மாதிரி நீங்க கையெழுத்து போட்டிருந்தால் இப்போ நான் வாயைத் திறக்க முடியாது. அதுக்காக உங்களை மன்னிச்சிட்டேன் என்று அர்த்தம் இல்லை. அந்த வராந்தாவில் நான் நின்ற நிலைமை எனக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை அரை நாள் பெர்மிஷன் போட்டிருக்கேன். குழாயை எடுத்துக்கிட்டு சுஹேல் சாரைப் பார்க்கப் போறேன். லாக்கர் அடிக்கிற ஹாலில் இருந்து அவரைத் தோல் தரம் பிரிக்கிற செக்ஷனுக்கு மாற்றணும், சூப்பர்வைசராகவே மாற்றணும் என்று கேட்கப் போறேன். வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லலை, இன்னிக்கு ராத்திரி சொல்லப் போறேன். கேட்காமல் செய்றது நம்ம குடும்பத்தில் ஒரு தடவை நடந்தது போதும். வேணாம் என்பார். சண்டை போட்டாவது சம்மதிக்க வைப்பேன். சுஹேல் சார் முடியாது என்று சொன்னால் அப்புறம் இன்னா செய்றது என்று எனக்குத் தெரியலை.

நீங்களும் வாங்க. பத்து மணிக்குக் கேட்டில் நிற்கிறேன். உங்களைப் பார்த்தால் சுஹேல் சாருக்கு அந்தப் பேப்பர் ஞாபகம் வரும், அது போதும். ஆனா உள்ளே போனதும் நீங்க பேசக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் அவர் உங்களைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லணும்.

ஷர்மிளா